முப்பத்து நாலு வயதுக்கு ஒரு தூளி

1

“முப்பத்து நாலு வயசுல தூளி கேக்குதா உனக்கு? ஆட்டிவிட ஆள் வைக்கட்டுமா?”

“அக்கா, இது தூளி இல்லை. ஹேமக். காட்டுல வேலை செய்யறவங்க எல்லாரும் இதுலதான் படுக்கறாங்க.”

“நீ எந்தக் காட்டுல வேலை செய்யற? லிஃப்ட்டுல வேலை செய்யற. போய் லிஃப்ட்டுக்குள்ள கட்டித் தொங்கு.”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. முழுக்கக் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எதிர் வீட்டுப் பால்கனிக்கும் என் பால்கனிக்கும் நடுவில் பன்னிரண்டு அடிதான் இடைவெளி. இவ்வளவு சத்தமாகச் சண்டை போடுகிறவர்கள் எனக்கும் சேர்த்துத்தான் போடுகிறார்கள் என்பது என் நெடுநாளைய நம்பிக்கை. அப்போது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். (காயப்போட ஒரு துணியும் இல்லை. காய்ந்துபோன தலையணை உறை ஒன்றை எடுத்து மூன்று தடவை உதறினேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் பொய் சொல்லும்போது நம்புவீர்கள்.)

கத்தியவள் சோபா அக்கா. சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் உறை தைப்பவள். பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சை உதறித் திரும்ப நிரப்புகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் குடியிருப்பு முழுக்க அவள் அக்காதான், எனக்கும் அப்படியே. திட்டு வாங்கியவன் அவள் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவனுக்குக் கம்பளி என்று பட்டப்பெயர். கோடையிலும் காலுறை போட்டுக்கொண்டு தூங்குகிறவன், விசிறியை இரண்டில் வைத்தால் எழுந்துபோய் ஒன்றுக்குக் கொண்டுவருகிறவன் என்று அக்காவே ஊருக்கெல்லாம் சொல்லி, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவன் வருடத்திலேயே குளிர் அதிகமான மாதத்தில், திறந்த பால்கனியில், தூணுக்கும் சுவர்க் கொக்கிக்கும் நடுவே ஒரு பச்சை நைலான் துணியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

என்னை எல்லாரும் டீச்சர் என்பார்கள். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதியவள். யாரும் கேட்காததால் இருபது வருடமாக நானும் திருத்தவில்லை.

2

தொடக்கங்கள் நான்கு எழுதிப் பார்த்தேன்.

‘பனி இறங்கும் மாலைப் பொழுதில், தனிமையின் கயிற்றில் ஊசலாடிய அந்த மனிதன்’

(இதோடு விட்டுவிட்டேன். தனிமைக்குக் கயிறு எங்கே இருக்கிறது? கட்டியிருந்தது பட்டை, இரண்டு அங்குல அகலம்.)

‘மனிதன் ஏன் தொங்க விரும்புகிறான்? கருவறையிலேயே அவன்’

(இதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். “கருவறை வந்துடுச்சா, அப்போ நான் பல் தேய்க்கப் போறேன்” என்று எழுந்துவிட்டார். என் கதைகளுக்கு நிரந்தர வாசகர் அவர் ஒருவர்தான். அச்சில் வந்த பதினொன்றில் ஒன்பதை முழுக்கக் கேட்டிருக்கிறார். முழித்துக்கொண்டு கேட்டது எத்தனை என்று நான் விசாரித்ததில்லை.)

மூன்றாவது தொடக்கத்தில் நானே ஒரு பூனையாக வந்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான்காவதை நான் எழுதவில்லை, சொன்னேன். மறுநாள் காலை லிஃப்ட்டுக்காகக் காத்திருந்த இரண்டு பேரிடம். சோபா அக்கா தம்பியை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள், பாவம், நேற்று ராத்திரி பால்கனியில் தொங்கினான் என்றேன். அவ்வளவுதான். ரொட்டி வாங்கிக்கொண்டு நான் திரும்புவதற்குள் அதே கதை என்னிடமே திரும்பி வந்தது, அக்கா ஒரு பாத்திரத்தை வீசியதாகவும் அது அவன் காதோரம் பட்டதாகவும் சேர்த்துக்கொண்டு. சத்தியமாக அந்தப் பாத்திரம் என்னுடையதல்ல. என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள், ஒருவரும் எழுதுவதில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது.

கம்பளி அன்று எங்கள் லிஃப்ட்டின் கதவைத்தான் பிரித்து வைத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். திருப்புளியைத் துடைத்துக்கொண்டே வந்து, கோபப்படாமல் சொன்னான்.

“டீச்சர், அக்கா துரத்தலை. நானாத்தான் படுக்கறேன். எதுக்குன்னு சொல்றேன், இதையாவது சரியாச் சொல்லுங்க.”

ஒரு எழுத்தாளரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

3

எல்லாம் ஒருத்திக்காக. அவள் மரம் எண்ணுகிறவள். காட்டு அளவைத் துறையில் வேலை. எந்த மலையில் எந்த மரம் எத்தனை, எவ்வளவு பருமன் என்று நாடா வைத்து அளந்து எழுத வேண்டும். போன மாதம் ஏதோ கையெழுத்துக்காக நகரத்து அலுவலகத்துக்கு வந்தவள் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள். நாற்பது நிமிடம். கம்பளி போய்க் கதவை நெம்பித் திறந்தான்.

“லிஃப்ட்டுல மாட்டினவங்க கத்துவாங்க டீச்சர், அழுவாங்க, போன்ல யாரையாவது திட்டுவாங்க. இவங்க பையைத் தலைக்கு வச்சுத் தூங்கிட்டு இருந்தாங்க. பதினோரு வருஷத்துல நான் அப்படி ஒருத்தரைப் பாத்ததே இல்லை.”

(இந்த வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் ஒரு வாரம் தலைகால் புரியாமல் நடந்திருப்பேன். அவன் சொல்லிவிட்டு மூக்கைச் சொறிந்தான்.)

அதற்குப் பிறகு அவள் அந்த அலுவலகத்துக்கு நான்கு தடவை வந்தாள். நான்கு தடவையும் லிஃப்ட்டைச் சரிபார்க்கும் நாளாக அமைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மலைமேல் இருக்கும் முகாமுக்குப் போகிறாள், இரண்டு வருடத்துக்கு. முகாமில் ஜெனரேட்டரையும் ஜீப்பையும் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் இடம் காலியாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். இவன் நான் வருகிறேன் என்றான். அங்கே வீடு கிடையாது, தரை ஈரம், எல்லாரும் மரத்துக்கு மரம் ஹேமக் கட்டித்தான் படுப்போம், குளிர் தாங்குமா என்று கேட்டாள். இவன் சிரித்தான். குளிரா, எனக்கா என்றான்.

காதலில் விழுந்தவர்கள் சொல்கிற பொய்யில் இது சின்னதுதான். அவள் தன்னிடம் உபரியாக இருந்த ஹேமக்கைக் கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்:

“பத்து ராத்திரி இருக்கு. ஒரே ஒரு ராத்திரி விடியற வரைக்கும் இதுல தூங்கிப் பாருங்க. முடியலைன்னா தப்பே இல்லை, ஞாயித்துக்கிழமை நான் வரும்போது திருப்பிக் கொடுத்துடுங்க. மூணாவது நாள் ஜீப்புக்குள்ள உக்காந்து நடுங்கற ஆளை மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டேன். அப்படி ஒருத்தரைப் பாத்துட்டேன்.”

ஆக, கதையில் என்ன பணயம் என்று தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரு முழுத் தூக்கம். அதைக் கடன் வாங்க முடியாது, நடிக்கவும் முடியாது.

4

(இந்தப் பகுதிக்கு ‘இரவுகள்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். ஆனால் நான் ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுகிறவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலைகள்.)

முதல் ராத்திரி ஒரு போர்வை. நேராகக் கால் நீட்டிப் படுத்தான். தலையும் காலும் மேலே போய், இடுப்பு கீழே இறங்கி, வில்லாக வளைந்து கிடந்தான். காலை ஆறு மணிக்கு நான் காபியோடு வந்தபோது தூளி காலியாகத் தொங்கியது. உள்ளேயிருந்து தும்மல் கேட்டது.

இரண்டாம் ராத்திரி இரண்டு போர்வை. காலியான தூளி.

மூன்றாம் ராத்திரி புரண்டு படுக்கப் போய், தற்செயலாக ஒரு வித்தை கண்டுபிடித்தான். துணிக்குக் குறுக்கே, தலை ஒரு மூலைக்கும் கால் எதிர் மூலைக்குமாகச் சாய்ந்து படுத்தால் முதுகு தட்டையாகிவிடுகிறது. பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினால் இன்னும் சுகம். மறுநாள் சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டுப் படுத்துக் காட்டினான். “வலியே இல்லக்கா.” அவள் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, “வலி போயிடுச்சு, வெட்கம் எப்பப் போச்சு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வலி போனது, குளிர் போகவில்லை. நான்காம் ராத்திரி மூன்று போர்வை, குரங்குக் குல்லாய், இரண்டு ஜோடிக் காலுறை. ஐந்தாம் ராத்திரி அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், வயிற்றில் வெந்நீர் பாட்டில். தூரத்திலிருந்து பார்த்தால் சலவைக்குப் போட வேண்டிய மூட்டையை யாரோ கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தான். எல்லாவற்றையும் மேலேதான் போட்டான். குளிர்கிறவன் போர்த்துகிறான், இதில் என்ன தப்பு சொல்ல முடியும்? விடியலுக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் மூட்டை உள்ளே போய்விட்டது.

ஏழு மணிக்கு அவனுக்குப் போன் வரும். பால்கனியில் நின்று பேசுவான்.

“நல்லாத் தூங்கினேன்.” தும்மலை அடக்கிக்கொண்டு. “ம், ஒரே தூக்கம். இல்லையே, குளிரெல்லாம் தெரியவே இல்லை.”

இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பத்து வருடம் காட்டில் தொங்கித் தூங்கியவள் போனின் மறுமுனையில் இருக்கிறாள். முதுகு உறைகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் காரணத்தைச் சொல்லிவிடுவாள். கதை இந்தப் பகுதியிலேயே முடிந்து, நீங்களும் வேறு வேலை பார்க்கப் போயிருப்பீர்கள். இவ்வளவு முட்டாளாக ஒருவனைப் படைத்தால் வாசகர்கள் நம்புவார்களா என்று யோசித்தேன். பிறகு, இருபது வருடம் டீச்சராக இல்லாமலேயே டீச்சராக இருப்பவள் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்றும் யோசித்தேன்.

5

இனி வருவதை அடித்துவிடலாம் என்று மூன்று தடவை பேனாவை எடுத்தேன்.

திங்கட்கிழமை கதைக்குத் தகவல் வேண்டுமென்று இணையத்தில் தேடினேன். பத்தே நிமிடம். பதில் கிடைத்துவிட்டது.

தூளியில் படுத்தவனுக்குக் குளிர் மேலேயிருந்து வருவதில்லை, கீழேயிருந்து வருகிறது. முதுகுக்கு அடியில் போகிற போர்வை உடம்பின் எடையில் நசுங்கிவிடும். நசுங்கியதில் காற்று தங்காது; காற்று தங்காத இடத்தில் சூடும் தங்காது. அடியில் தரையும் இல்லை, மெத்தையும் இல்லை, ராத்திரி முழுக்கக் காற்று முதுகைத் தடவிக்கொண்டு போகும். மேலே பத்துப் போர்வை போட்டாலும் பிரயோஜனமில்லை. ஒரு பஞ்சுப் போர்வையைத் தூளிக்கு வெளியே, அடிப்பக்கமாக, உடம்பு அழுத்தாதபடி தொங்கவிட வேண்டும். அவ்வளவுதான். மலைமுகாமில் ஆளுக்கொன்று கொடுப்பார்களாம். அதனால்தான் அவளுக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ‘க்ளைமாக்ஸ்’ என்று மேலே தலைப்புப் போட்டு, மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

“போய்ச் சொல்லிட்டு வா.”

“சொன்னா கதை முடிஞ்சிடும்.”

“அவனுக்குச் சளி பிடிச்சா?”

“அது ஆறாவது பகுதி.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு நான் சரியாகத் தெரிய மாட்டேன். தெரிய வேண்டாம் என்றுதான் கழற்றினாரோ என்னவோ. நான் கலை, இயல்பான வளர்ச்சி, பாத்திரங்களின் சுதந்திரத்தில் ஆசிரியர் தலையிடக் கூடாது என்றெல்லாம் ஒரு ஐந்து நிமிடம் பேசினேன். லிஃப்ட் வாசலில் நான் தலையிட்டது எனக்கே ஞாபகம் வந்து, பாதியில்

6

சளி பிடித்தது.

வெள்ளிக்கிழமை காலை, எட்டு ராத்திரி முடிந்தபின், அவன் தூளியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முகம் வீங்கிச் சிவந்திருந்தது. அன்று ஏழு மணிப் போனை எடுக்கவில்லை. அது அடித்து அடித்து நின்றது.

சோபா அக்கா வெளியே வந்தாள். வழக்கமான வசவு வரப்போகிறது என்று நான் தலையணை உறையோடு தயாரானேன். அவளோ அவன் நெற்றியில் கை வைத்தாள், பிறகு கழுத்தில், பிறகு சட்டைக்குள் முதுகில். கையை வெடுக்கென்று எடுத்தாள்.

“முன்னாடி வேர்த்திருக்கு. பின்னாடி ஐஸ் மாதிரி இருக்கே. எப்படிடா?”

“தெரியலக்கா.”

“திரும்பக் கட்டு.”

“வேண்டாம்க்கா. எனக்கு இது ஆகாது. ஞாயித்துக்கிழமை கொடுத்துடறேன்.”

“கட்டுன்னு சொன்னேன்.”

அவன் கட்டினான். போர்வைகளோடு ஏறிப் படுக்கச் சொன்னாள். அதன்பின் அவள் செய்ததை நான் எந்தக் கதையிலும் யோசித்திருக்க மாட்டேன். முழங்காலிட்டு, தவழ்ந்து, தூளிக்கு அடியில் போய்விட்டாள். ஜீப்புக்கு அடியில் படுக்கிற மெக்கானிக் மாதிரி மல்லாந்து, கீழேயிருந்து அவன் முதுகை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். விலா, இடுப்பு, தொடை. பல ஆயிரம் சோபாக்களைப் பார்த்த கை அது.

“முதுகுக்கு அடியில போன போர்வை ஓரமெல்லாம் காகிதம் மாதிரி இருக்கு,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “ஆள் உக்காந்து உக்காந்து அமுங்கின பஞ்சை நான் தினம் பிரிச்சுப் போடறேன். அதுல என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. மேல மேல ஏத்தியிருக்கியே, உன் முதுகு ஒரு வாரமா வெறும் நைலான்லதான்டா கிடக்குது. நீ எட்டு நாளா அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்ன?”

“நல்லாத் தூங்கறேன்னு.”

ஒருத்தன் மேலே, ஒருத்தி கீழே, நடுவில் ஒரு பச்சைத் துணி. இந்த இடத்தில் அக்காவின் முகத்தை வர்ணிக்கலாம் என்றால், எனக்குத் தெரிந்தது அவளுடைய இரண்டு பாதம் மட்டும்தான்.

“ஏன்டா, போயே ஆகணுமா?”

“ஆமாக்கா.”

அவள் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். அலமாரிக்கு மேல் இருந்த அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

(பதினேழு வருடமாக அந்த வீட்டில் இரண்டே பேர். அவள் கத்தலில் ஒரு தடவைகூடப் போகாதே என்ற வார்த்தை வந்ததில்லை. தூளி, வெட்கம், வயசு, லிஃப்ட் எல்லாம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவள் நான். அதை அந்த வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன்.)

7

வெள்ளி முழுக்க, சனி மாலைவரை மெஷின் ஓடியது. யாருடைய கார் இருக்கையோ வாசலில் கிடந்து காத்திருந்தது. பழைய மெத்தை ஒன்றைப் பிரித்துப் பஞ்சை உதறினாள். பால்கனி முழுக்கப் பறந்தது, இரண்டு மூன்று என் காபியிலும் விழுந்தது. குடைத் துணி மாதிரி மெல்லிய துணியில் பஞ்சை நிரப்பிக் குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டாள். நான்கு ஓரமும் சுருக்கி, உள்ளே எலாஸ்டிக் கயிறு கோத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அதைத் தூளிக்கு அடியில் மாட்டினார்கள். கம்பளி, மெக்கானிக் ஆயிற்றே, கயிற்றை இழுத்து முறுக்கினான்.

“ரொம்ப இறுக்காதே. ஒட்டினா நசுங்கிடும். தள்ளிப் போனா காத்து பூந்துடும். தொட்டும் தொடாம இருக்கணும்.”

(இந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். உறவுகள் என்பவையும் இப்படித்தான் என்று ஆரம்பித்தது. வீட்டுக்காரர் படித்துவிட்டு, “அவங்க போர்வையைச் சொன்னாங்க” என்றார். அடித்துவிட்டேன்.)

அன்று நான் ஒன்பதரைக்குப் படுக்கவில்லை. எட்டு நாள் காலியான தூளியைப் பார்த்தவளுக்கு இது ஒரு கடமை. பின்னல் நாற்காலியைப் பால்கனியில் போட்டு, ஒரு சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு இன்னொரு சால்வை. பதினொன்றுக்கு வீட்டுக்காரரின் கோட்டு. மேலே மேலே போட்டும் இடுப்புக்குக் கீழே விறைத்துப்போனது. அடியில் பின்னல் இடுக்கு வழியாகக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. இழுப்பறையில் ‘க்ளைமாக்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தவள் நான்தான் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஒரு மணிக்கு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். ஆகவே இந்தக் கதையின் முக்கியமான ஐந்து மணி நேரத்தில் ஆசிரியர் இல்லை.

காலையில் கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

தூளி காலியாக இல்லை. கனமாக, அசையாமல் தொங்கியது. குறுக்கே சாய்ந்து, வாய் திறந்து கிடந்தான் கம்பளி. போர்வை ஒன்றே ஒன்று, அதுவும் இடுப்புவரை தள்ளப்பட்டிருந்தது. ஒரு காலுறையைக் காணவில்லை. மூக்கின் மேல் வெயில் விழுந்து கண்ணுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை அடித்தது. சோபா அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்டூலிலிருந்த போனை எடுத்தாள். அவனைப் பார்த்தாள். பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் குரல் அவ்வளவு தாழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“நான் அவன் அக்கா பேசறேன். இல்லம்மா, இன்னும் எந்திரிக்கலை. தூங்கறான்.”

மறுபக்கம் என்ன சொன்னதோ.

“எழுப்பட்டுமா? இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு வர்றியா?”

கொஞ்ச நேரம் கழித்து வருவதாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் விழிக்கும்வரை பஞ்சுத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் புடவையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவதில் அவன் போகவில்லை. அக்காவைத் தனியாக விட மனமில்லாமல் தூளியைத் திருப்பிக் கொடுக்கிறான். வீட்டுக்காரர் இதற்குக் கண் கலங்கினார். (வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.)

இரண்டாவதில் நான் போய் உண்மையைச் சொல்கிறேன். திங்கட்கிழமையே எனக்கு விஷயம் தெரியும், நாலு ராத்திரி அவன் குளிரில் கிடந்தது என் ஆறாவது பகுதிக்காக என்று. அக்கா என்னை மன்னிக்கிறாள். இதை மிக நன்றாக எழுதியிருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். நடக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

மூன்றாவது நடந்தது. கம்பளி அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜீப்பில் ஏறிப்போனான். எட்டு மாதம் கழித்து மலையடிவாரத்து ஊரில் பதிவுத் திருமணம். மரம் எண்ணுகிறவள் பக்கத்தில் நிற்கிற போட்டோவில் அவன் குல்லாய் போட்டிருக்கிறான். முகாமில் கொடுக்கிற அடிப்போர்வையைவிட அக்காவுடையது நன்றாக இருக்கிறதென்று அங்கே இருக்கிற அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று தைத்து அனுப்பியவள், போன மாதம் மெஷினையும் தூக்கிக்கொண்டு அந்த அடிவாரத்து ஊருக்கே குடிபோய்விட்டாள். தம்பியின் முகாமிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரமாம். தொட்டும் தொடாமலும் இருக்கிற தூரம் என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

எதிர் வீட்டுக்குப் புதிதாக ஒரு பல் மருத்துவரும் அவருடைய மாமியாரும் வந்திருக்கிறார்கள். ரொம்ப மெதுவாகப் பேசுகிறார்கள். பொறுத்துப் பார்க்க வேண்டும்.

போவதற்கு முந்தின நாள் சோபா அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கையில் சின்னதாக, நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த பஞ்சுத் திண்டு ஒன்று. நேராகப் பால்கனிக்குப் போய், என் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தில் மாட்டினாள்.

“தினமும் இதுலதான் உக்காந்திருக்கீங்க டீச்சர். மேல ரெண்டு சால்வை போட்டா போதாது. குளிர் கீழேயிருந்துதான் வரும்.” நாற்காலியை நிமிர்த்தி வைத்துத் தட்டினாள். “உங்களுக்குத் தெரியாததா.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை பன்னிரண்டு அடி இடைவெளிகூட இல்லை. ஆனாலும் எனக்கு ஒன்றும் படிக்கக் கிடைக்கவில்லை. காபி சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

‘உங்களுக்குத் தெரியாததா’ என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். டீச்சர் என்று கூப்பிடுகிற ஆளிடம் சொல்கிற மரியாதை வார்த்தை. அப்படியும் இருக்கலாம். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டிருக்கவும் கூடும். பன்னிரண்டு அடி என்பது அந்தப் பக்கமிருந்து அளந்தாலும் பன்னிரண்டு அடிதானே. இது எனக்கு இத்தனை வருடம் உறைக்கவே இல்லை.

இந்தக் கதையை ஒரு பிரதி எடுத்து உறையில் போட்டு, அடிவாரத்து விலாசம் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தாவது பகுதி உள்ளேயே இருக்கிறது. வீட்டுக்காரர், அனுப்பு என்கிறார். அனுப்பினால் அவள் என்ன நினைப்பாள் என்பதற்கு என்னிடம் நாலு முடிவு இருக்கிறது, நாலிலும் நான் நல்லவளாக வருகிறேன். அதனால் நீங்களே சொல்லுங்கள். உறையை இன்னும் ஒட்டவில்லை.

அதுவரை நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சூடாகத்தான் இருக்கிறது.